பள்ளிக் கதவைத் திறந்த சட்டமும் நீதியரசர் பஹாருல் இஸ்லாமும்

ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அதனால் பயன்பெறுவோர் பலர். அதற்கு வித்திட்டவர் யார் என எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. சோறு உண்பவர் உழவனை நினையாதது போன்றதே இதுவும். உடற்குறையோடு பிறந்த குழந்தைக்கும் மற்றக் குழந்தைகளைப் போலவே பள்ளியில் இடம் உண்டு என்று இந்திய நாட்டின் சட்டம் இன்று சொல்கிறது. அத்தகைய சட்டம் ஒன்று வேண்டும் என்று நடுவண் அரசுக்கு எழுதிக் கொடுத்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர் நீதியரசர் பஹாருல் இஸ்லாம். அசாம் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, வழக்கறிஞராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கிய அவருடைய வாழ்வையும், அவர் வித்திட்ட சட்டம் வளர்ந்த கதையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அசாமில் பிறந்த நீதிபதி ஒருவருக்கும் திருவில்லிபுத்தூரை அடுத்த நம் சுந்தரபாண்டியத்திற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். அத்தொடர்பை விளக்க என் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் கூற வேண்டியுள்ளது.

தெருவில் நின்றுவிட்ட நண்பன்

1987ஆம் ஆண்டு. எனக்கு ஆறு வயது. எங்கள் தெருவில் நெசவாளர் ஒருவரின் மகன் எனக்கு ஒத்த வயதினன். இளம்பிள்ளை வாதம் அவனுடைய இரு கால்களையும் முடக்கியிருந்தது. கைகள் இரண்டும் நன்றாக இருந்தன. கணக்கு என்றால் அவனுக்கு வெல்லம். பள்ளியில் சேர்க்கும் நாளன்று அவனுடைய தாய் அவனை இடுப்பில் சுமந்துகொண்டு எங்களோடு வந்தார். அங்கிருந்தவர்கள் கடுஞ்சொல் எதுவும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கி இறக்க ஆள் இல்லை, படி ஏற முடியாது, கழிப்பறைக்கு எப்படிப் போவான் என்று பரிவோடு கேட்டார்கள். பரிவோடே திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தாயும் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்குரிய சட்டம் எதுவும் அப்போது நாட்டில் இல்லை என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது.

தறிக்குழியில் இறங்கி மிதிக்கட்டையை மிதிக்கக் கால் வேண்டும். அதனால் அவனுக்கு நெசவும் வாய்க்கவில்லை. திண்ணையில் அமர்ந்து தார் சுற்றும் வேலையே அவனுக்கு வாய்த்தது. நாங்கள் பள்ளிக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அவன் இராட்டையோடு அங்கேதான் இருப்பான். மாலையில் எங்கள் கணக்கு ஏடுகளை வாங்கிப் பார்ப்பான். விடை தவறென்றால் விரலால் தட்டிக் காட்டுவான்.

அதே 1987ஆம் ஆண்டில்தான், எங்களுக்குத் தெரியாமலே, புதுதில்லியில் அவனைப் போன்ற பிள்ளைகளுக்காக ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழுவின் தலைவர்தான் பஹாருல் இஸ்லாம்.

பிறப்பும் கல்வியும்

பஹாருல் இஸ்லாம் 1918ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் அசாம் மாநிலம் காமரூப் மாவட்டத்தைச் சேர்ந்த உதியானா என்னும் சிற்றூரில் பிறந்தார். நல்பாரியிலுள்ள கார்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபின், குவாகாத்தி நகரின் புகழ்மிக்க காட்டன் கல்லூரியிலும், தொடர்ந்து அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும் கல்வி கற்றார். பிரம்மபுத்திரா ஆற்றங்கரையிலிருந்து கங்கைச் சமவெளியிலுள்ள அலிகார் வரை கல்விக்காகச் செல்வது, அந்நாளில் சிற்றூர் இளைஞர் ஒருவருக்கு எளிய செயலன்று. பள்ளி என்னும் வாயில் திறந்தமையால்தான் அவர் அவ்வளவு தொலைவு செல்ல முடிந்தது. வாயில் திறவாதவர்களின் நிலை என்ன என்ற வினா, வாழ்வின் பிற்பகுதியில் அவர் முன்னே வந்து நின்றது.

வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர்

1951ஆம் ஆண்டில் அசாம் உயர் நீதிமன்றத்திலும், 1958ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்திலும் அவர் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். பொதுவாழ்விலும் ஈடுபாடு கொண்டு காங்கிரசுப் பேரியக்கத்தில் இணைந்து பணியாற்றினார். 1962ஆம் ஆண்டிலும் 1968ஆம் ஆண்டிலும் அசாம் மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டம் நீதிமன்றத்தில் எவ்வாறு பொருள் கொள்ளப்படுகிறது என்பதை வழக்கறிஞராகவும், அது அவையில் எவ்வாறு உருவாகிறது என்பதை உறுப்பினராகவும் அவர் கண்டறிந்தார். இவ்விரு பட்டறிவும் ஒருவரிடம் சேர்வது அரிது. பின்னாளில் அவர் ஏற்ற பணிக்கு இவ்விரண்டுமே தேவைப்பட்டன.

நீதி இருக்கையும் எழுந்த விவாதமும்

1972ஆம் ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினர் பதவியைத் துறந்து, இன்று கௌஹாத்தி உயர் நீதிமன்றம் என வழங்கும் நீதிமன்றத்தின் நீதிபதியானார். 1979ஆம் ஆண்டில் அதன் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். 1980ஆம் ஆண்டு மார்ச்சில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்று ஒன்பது திங்கள் கழிந்தபின், அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டார். ஓய்வு பெற்ற ஒருவர் இவ்வாறு அமர்த்தப்படுவது வழக்கத்திற்கு மாறானது.

பெரியோர் வாழ்வை எழுதுவோர் குறைகளை மறைத்து நிறைகளை மட்டும் அடுக்குவது நம்மிடையே உள்ள வழக்கம். அவ்வழக்கை இங்கு நான் பின்பற்ற விரும்பவில்லை. 1982ஆம் ஆண்டு டிசம்பரில் பீகார் முதலமைச்சராயிருந்த ஜகந்நாத் மிஸ்ராவின் மீதான வழக்கைத் திரும்பப் பெறுவது தொடர்பாக உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மூவர் அமர்வில் இருவர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமும் நின்றனர். வழக்கைத் திரும்பப் பெறலாம் என்ற பெரும்பான்மைத் தரப்பில் பஹாருல் இஸ்லாம் இருந்தார். அடுத்த திங்களே, ஓய்வுக்கு ஆறு கிழமைகள் இருக்கையில், பதவி விலகி மக்களவைத் தேர்தலில் காங்கிரசு வேட்பாளராக நிற்க முன்வந்தார். அசாமில் நிலவிய கொந்தளிப்பால் பார்ப்பேட்டா தொகுதியில் அத்தேர்தல் நடைபெறவில்லை. பின்னர் அதே 1983ஆம் ஆண்டில் அவர் மீண்டும் மாநிலங்களவைக்கு அனுப்பப்பட்டார். நீதி இருக்கையிலிருந்து அரசியல் மேடைக்கு இவ்வளவு விரைவில் இறங்கலாமா என்னும் வினா அன்று எழுந்தது. நீதித்துறையைப் பற்றிய நூல்களில் இன்றும் எழுப்பப்படுகிறது. அவ்வினா நியாயமானதே.

ஆயினும் ஒரு மனிதரின் வாழ்வு ஒரே ஓர் ஏட்டால் ஆனதன்று. விவாதத்திற்குரிய அந்த ஏட்டைப் பலர் படித்திருக்கின்றனர். அடுத்த ஏட்டைப் படித்தவர் குறைவு. இலட்சக்கணக்கான குழந்தைகளின் வாழ்வைத் தொட்டதோ அந்த அடுத்த ஏடுதான்.

சட்டம் இல்லாத காலம்

உடற்குறையுடையோர் கல்வியில் சிறந்தமைக்குத் தமிழிலக்கிய வரலாற்றில் சான்றுகள் உண்டு. இரட்டைப் புலவருள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர் என்று கேட்டு வருகிறோம். பழனியில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இளமையிலேயே அம்மை நோயால் கண்ணொளி இழந்தும் செவிவழிக் கற்றுப் பெரும்புலவரானார். ஆனால் இவர்கள் விதிவிலக்குகள். புரவலர் கிடைத்தவர் புலவரானார். கிடைக்காத ஆயிரவரின் பெயர் நமக்குத் தெரியாது.

நம் பகுதிக்கு எட்டும் தொலைவிலுள்ள பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே கிறித்தவ அறப்பணியாளர்கள் இத்துறையில் கால் ஊன்றினர். ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் செவிப்புலன் இழந்தோர்க்கும் பள்ளிகள் கண்டனர். இன்றளவும் தென்மாவட்டத்துப் பெற்றோர் பலர் அந்நகரை நாடிச் செல்வதை அறிவோம். அவை போற்றத்தக்க அறச்செயல்கள். எனினும் அறம் செய்வோர் உள்ள ஊரில்தான் அறம் கிடைக்கும். உரிமை எல்லா ஊரிலும் கிடைக்க வேண்டும்.

நம் அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு கல்விக்கும், உடற்குறையுற்ற நிலையில் அரசு உதவிக்கும் வகை செய்யப்பட வேண்டும் என்றது. ஆனால் அது அரசின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்ட நெறிமுறையே. 45ஆம் பிரிவு 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளில் அளிக்க முயல வேண்டும் என்றது. அப்பத்தாண்டுகள் 1960ஆம் ஆண்டிலேயே கழிந்தன. 1974ஆம் ஆண்டில் உடற்குறையுற்ற சிறார்க்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் ஒன்றை நடுவண் அரசு தொடங்கியது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயன்றவரை இச்சிறாரை மற்றவரோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்றது. திட்டமும் கொள்கையும் நல்லனவே. ஆயினும் திட்டம் என்பது அரசு தருவது. சட்டம் என்பது குடிமகன் கேட்டுப் பெறுவது. என் நண்பனின் தாய் கேட்டுப் பெறுவதற்கு ஒன்றும் இல்லை.

உலகெங்கும் அக்காலத்தில் இவ்வெண்ணம் மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்க நாட்டில் 1975ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், உடற்குறையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசமான, தகுந்த கல்வியும், அக்குழந்தைக்கெனத் தனியே வகுக்கப்பட்ட கல்வித் திட்டமும் வேண்டுமென்றது. 1981ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் அவை உடற்குறையுற்றோர் ஆண்டாக அறிவித்தது. 1983 முதல் 1992 வரையிலான பத்தாண்டுகளையும் அவர்களுக்கே உரியதாக்கியது.

குழுவும் அதன் அறிக்கையும்

இச்சூழலில்தான் 1987ஆம் ஆண்டில் நடுவண் நலத்துறை அமைச்சகம், உடற்குறையுற்றோர்க்கான சட்டம் பற்றி ஆராய்ந்து கூறும்படி பஹாருல் இஸ்லாம் தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ எழுபது. நாட்டின் உயரிய நீதி இருக்கையை வகித்து முடித்தவர். இப்பணியால் வாக்கும் வாராது, புகழும் வாராது. அன்றைய அரசியலில் உடற்குறையுற்றோர் கணக்கில் கொள்ளப்பட்டவர் அல்லர்.

1988ஆம் ஆண்டில் குழு தன் அறிக்கையை அளித்தது. உடற்குறையுற்றோர்க்கென நாடு தழுவிய, முழுமையான சட்டம் ஒன்று வேண்டும் என்பதே அதன் மையக் கருத்து. சமக் குடியுரிமை, கல்வி, வேலைவாய்ப்பு, பாதுகாவலர் உரிமை, பொதுமக்களிடையே விழிப்புணர்வு எனப் பல துறைகளையும் ஒரே சட்டத்துள் கொணர வேண்டும் என்று அது எடுத்துரைத்தது.

இதன் அருமையை உணர, அதற்குமுன் நம் சட்ட நூல்களில் இம்மக்கள் எங்கே இருந்தனர் என்பதைப் பார்க்க வேண்டும். 1912ஆம் ஆண்டின் மனநோயாளர் சட்டம் அவர்களைக் காப்பகத்தில் அடைப்பது பற்றிப் பேசியது. அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 9ஆம் இனம், உடற்குறையுற்றோர்க்கும் வேலை செய்ய இயலாதோர்க்கும் துயர்தணிப்பு என்றது. காப்பு, துயர்தணிப்பு, உதவி என்ற சொற்களே எங்கும் காணப்பட்டன. உரிமை என்ற சொல் அவர்களை நோக்கி வரவில்லை. அச்சொல்லைக் கொண்டுவரச் சட்டமே வேண்டும் என்று கூறியதுதான் அக்குழுவின் பெரும்பணி.

காத்திருந்த ஆண்டுகள்

குழுவின் அறிக்கை சட்டமாகிவிடாது. அமைச்சகம் முன்வரைவு எழுத வேண்டும். பிற அமைச்சகங்களும் மாநிலங்களும் கருத்துரைக்க வேண்டும். ஈரவைகளும் ஏற்க வேண்டும். குடியரசுத் தலைவர் இசைவளிக்க வேண்டும். 1988க்கும் 1995க்கும் இடையே இராஜீவ் காந்தி, வி.பி. சிங், சந்திரசேகர், நரசிம்மராவ் எனத் தலைமையமைச்சர் நால்வரை நாடு கண்டது. ஆட்சிகள் மாறின, அறிக்கை காத்திருந்தது.

துயர்தணிப்பு மாநிலப் பட்டியலில் இருந்தமையால் நாடாளுமன்றம் சட்டமியற்ற வழியும் தேடவேண்டியிருந்தது. 1992ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்ஜிங் நகரில் ஆசிய, பசிபிக் நாடுகள் கூடி, உடற்குறையுற்றோரின் முழுப் பங்கேற்பையும் சமத்துவத்தையும் வலியுறுத்தும் அறிவிப்பு ஒன்றை ஏற்றன. இந்தியாவும் அதில் கையொப்பமிட்டது. பன்னாட்டு மாநாட்டின் முடிவை நிறைவேற்ற நாடாளுமன்றம் எத்துறையிலும் சட்டமியற்றலாம் என்பது அரசியலமைப்பின் 253ஆம் பிரிவு. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரை அந்தப் பெய்ஜிங் அறிவிப்பையே தன் அடிப்படையாகக் காட்டுகிறது.

இடையில் 1992ஆம் ஆண்டில் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் வந்தது. சிறப்புக் கல்வி ஆசிரியர்களின் பயிற்சியையும் தகுதியையும் ஒழுங்குபடுத்துவது அச்சட்டம். ஆசிரியருக்கான சட்டம் முதலில் வந்தது. மாணவருக்கான சட்டம் அப்போதும் வரவில்லை.

1993ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பஹாருல் இஸ்லாம் காலமானார். 14 வயது வரையிலான கல்வி ஒவ்வொரு குழந்தையின் அடிப்படை உரிமை என்று உண்ணிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியதும் அதே பிப்ரவரியில்தான். ஆனால் தம் குழு கேட்ட சட்டத்தை அவர் கண்ணால் காணவில்லை.

பிறர் தொடர்ந்த பணி

நட்டவர் மறைந்தாலும் நீர் ஊற்றுவோர் இருந்தனர். சக்கர நாற்காலியில் இயங்கிய ஜாவேத் அபிதி என்னும் இளைஞர் அவர்களுள் ஒருவர். பஹாருல் இஸ்லாம் பயின்ற அலிகார் நகரமே அவர் பிறந்த ஊராகும். அவரும் அவரைச் சார்ந்தோரும் 1995ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லித் தெருவில் திரண்டு, அக்கூட்டத் தொடரிலேயே சட்டம் நிறைவேற வேண்டுமெனக் குரல் எழுப்பினர். அத்திங்களிலேயே நாடாளுமன்றம் உடல் ஊனமுற்றோர் சம வாய்ப்புகள், உரிமைகள் பாதுகாப்பு மற்றும் முழுப் பங்கேற்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பஹாருல் இஸ்லாம் மறைந்து அப்போது மூன்றாண்டுகள் கழிந்திருந்தன.

பார்வையின்மை, குறைபார்வை, தொழுநோயிலிருந்து குணமடைந்த நிலை, செவித்திறன் குறைவு, இயக்கக் குறைவு, மனவளர்ச்சிக் குறைவு, மனநோய் என்னும் ஏழு நிலைகளை அச்சட்டம் ஏற்றது. அதன் ஐந்தாம் இயல் கல்விக்குரியது. ஒவ்வொரு குழந்தைக்கும் 18 வயது வரை தகுந்த சூழலில் இலவசக் கல்வி கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்பது அதன் 26ஆம் பிரிவு. போக்குவரத்து, தடையற்ற கட்டடம், இலவச நூல், சீருடை, உதவித்தொகை, தேர்வு முறையில் மாற்றம் ஆகியவை 30ஆம் பிரிவில் இடம்பெற்றன. பார்வையற்ற மாணவர் விடை சொல்ல வேறொருவர் எழுத 31ஆம் பிரிவு வகை செய்தது. அரசுக் கல்விக்கூடங்களிலும் அரசு உதவி பெறுவனவற்றிலும் மூன்று விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன.

இன்று நிற்கும் சட்டம்

1995ஆம் ஆண்டுச் சட்டம் இன்று நடைமுறையில் இல்லை. அதன் இடத்தில், 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஒட்டி, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016ஆம் ஆண்டில் நிறைவேறி, 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு நிலைகள் இருபத்தொன்றாக விரிந்தன. புற உலகத் தொடர்பற்ற நிலை எனப்படும் ஆட்டிசமும், எழுத்து மாறித் தோன்றுவது போன்ற கற்றல் குறைபாடும் இடம்பெற்றன. நாம் மக்கு என்றும் சோம்பேறி என்றும் வகுப்பில் ஏசிய பிள்ளைகளுள் சிலர் இப்பட்டியலில் உள்ளவர்கள் என்பதை ஆசிரியராகிய நாம் வெட்கத்தோடு உணர வேண்டும்.

இச்சட்டத்தின் 31ஆம் பிரிவை ஒவ்வொரு பெற்றோரும் மனத்தில் கொள்ளுதல் நலம். நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற, 6 முதல் 18 வயது வரையிலான எந்தக் குழந்தையும் அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உடையது. எந்தப் பள்ளி என்று தெரிவு செய்யும் உரிமை பிள்ளையின் பக்கமே உள்ளது. பாகுபாடின்றிச் சேர்த்தல், கட்டடத்தை அணுகத்தக்கதாக்கல், பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்தல், கற்றல் குறைபாட்டை இளமையிலேயே கண்டறிதல் ஆகியவற்றை 16ஆம் பிரிவு விரித்துரைக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியன 17ஆம் பிரிவில் உள்ளன. உயர்கல்வியில் ஐந்து விழுக்காடு இடங்களை 32ஆம் பிரிவு ஒதுக்குகிறது.

நம் சமுதாயப் பெரியோர் கவனத்திற்கு ஒன்று. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனைக் கொண்டு, மாற்றுத்திறனாளிக் குழந்தையைச் சேர்ப்பதும் நம் கடமையன்று எனச் சிலர் கருதுகின்றனர். 2016ஆம் ஆண்டுச் சட்டம் தனிச் சட்டம். அதன் 16ஆம் பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாக் கல்விக்கூடங்களையும் கருத்தில் கொண்டே எழுதப்பட்டுள்ளது. எனவே நம் கல்விக்கூடங்களின் வாயிற்படியில் சாய்தளம் அமைப்பதைத் தயவு எனக் கருதாமல் கடமையெனக் கருத வேண்டும்.

சட்டம் ஏட்டில் இருப்பதால் மட்டும் வகுப்பறை மாறிவிடாது என்பதும் உண்மை. சிறப்பாசிரியர் போதிய அளவில் இல்லை என்ற முறையீடு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தொடக்க நிலையில் இத்தகைய மாணவர் பதின்மருக்கு ஒருவர், மேல்நிலையில் பதினைவருக்கு ஒருவர் என்ற விகிதம் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டது. விகிதம் எல்லாப் பள்ளியிலும் நிறைவேறும் நாளை நாம் எதிர்நோக்கியுள்ளோம். பள்ளியில் சேர்க்க மறுத்தால், மாவட்டக் கல்வி அலுவலகத்தையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் அணுகலாம். அதற்கும் மேலே மாநில ஆணையர் இருக்கிறார். வாய்மொழியாகக் கேட்பதைவிட எழுதிக் கொடுத்து ஒப்புகை பெறுவது பயன் தரும்.

ஆண்டும் அகவையும்

சட்டத்தின் கால அட்டவணையை என் நண்பனின் வயதோடு ஒப்பிட்டு நான் பலமுறை எண்ணியதுண்டு. குழு அமைந்தபோது அவனுக்கு ஆறு வயது. அறிக்கை வந்தபோது ஏழு. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அவனுக்குப் பதினைந்து. 18 வயது வரை இலவசக் கல்வி என்றது சட்டம். அவனுக்கு மூன்றாண்டுகள் எஞ்சியிருந்தன. ஆனால் பதினைந்து வயதில் முதல் வகுப்பில் அமர எவருக்குத்தான் மனம் வரும்? அவனும் வரவில்லை, அப்படி ஒரு சட்டம் வந்த செய்தியும் எங்கள் தெருவிற்கு வரவில்லை. தில்லிக் கோப்பு ஒன்று ஓராண்டு தாமதித்தால், நாடெங்கும் ஆறு வயதுப் பிள்ளைகளின் வரிசை ஒன்று திண்ணையில் நின்றுவிடுகிறது. அரசுக்கு ஏழாண்டுக் காலம் பெரிதன்று; குழந்தைக்கு அதுவே பள்ளிப் பருவம் முழுவதும்.

அவன் பின்னாளில் சிறுகடை வைத்து நன்கு வாழ்கிறான். கணக்கு இன்றும் பிழையாது. சில ஆண்டுகளுக்கு முன்பு அவனுடைய தெருவில் செவித்திறன் குறைந்த சிறுமி ஒருத்தியைச் சேர்க்கப் பள்ளி ஒன்று தயங்கியபோது, பெற்றோருடன் சென்று சட்டத்தின் பெயரையும் பிரிவையும் எடுத்துச் சொல்லிச் சேர்த்துவிட்டு வந்தவன் அவனே. அப்பிரிவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது மட்டுமே நான் செய்த உதவி.

நீதியரசர் பஹாருல் இஸ்லாம் தீர்ப்புகள் பல எழுதினார். அவற்றுள் சில பாராட்டப்பட்டன, சில கண்டிக்கப்பட்டன. ஆனால் அவர் தலைமையில் எழுதப்பட்ட அறிக்கை, தீர்ப்பாக இல்லாமலே, சட்டமாக வளர்ந்து ஒரு தாயின் கையில் கேள்வியாக வந்து சேர்ந்தது. என் பிள்ளைக்கு ஏன் இடமில்லை என்னும் அந்தக் கேள்வியை 1987இல் ஒரு தாயால் கேட்க முடியவில்லை. இன்று சுந்தரபாண்டியத்தின் எந்தத் தாயும் கேட்கலாம்.

மாணவ மணிகளே, நீங்கள் நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் ஊர்ப் பெரியோராகவும் அமரப் போகின்றீர்கள். பிள்ளையை இடுப்பில் சுமந்து ஒரு தாய் உங்கள் வாயிலில் வந்து நிற்கும் நாள் வரும். அன்று அவர் சட்டத்தைச் சொல்லிக் கேட்குமளவும் காத்திராமல், கதவைத் திறந்துவிடுங்கள். அசாமின் அந்தச் சிற்றூரில் பிறந்த பெருமகனுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாகும்.